இருபதாம் ஆண்டின் கணக்கு



உடலின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிட்டால் என்ன நேர்கிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிறுநீரகமோ கல்லீரலோ இதயமோ மாற்றிக்கொண்டவர்கள் மட்டும் இவற்றைச் சாப்பிடுவதில்லை. முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், குடல் அழற்சி, இரத்தக்குழாய் அழற்சி, சிறுநீரில் புரதம் ஒழுகும் குழந்தைகளின் நோய் எனப் பலவற்றுக்கும் இவைதான் மருந்து. இவர்களில் பலருக்கு மருந்து இல்லையென்றால் உயிர் இல்லை. ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் ஒரு மாத்திரையைக்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது. ஏன் கூடாது என்பதும் இந்தப் பேச்சிலேயே வரும்.

இந்த மருந்துகளின் நன்மை சில வாரங்களிலோ மாதங்களிலோ கண்ணுக்குத் தெரிகிறது. தீமை தெரியப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு புதிய மருந்துக்கு அனுமதி வாங்குவதற்கான சோதனை ஆறு மாதம், ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு மூன்று ஆண்டு நடக்கும். நோயாளியோ அதை இருபது ஆண்டு, முப்பது ஆண்டு சாப்பிடுகிறார். சோதனை முடிந்த நாளுக்கும் நோயாளியின் வாழ்நாளுக்கும் இடையில் கிடக்கும் நீண்ட காலத்தை யார் கவனிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. யாராவது பொறுமையாக உட்கார்ந்து எண்ணிய இடங்களில் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. எண்ணாத இடங்களில் நல்ல மருந்தே நோயாகியிருக்கிறது.

1948 செப்டம்பரில், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மேயோ கிளினிக்கில், ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாள்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய் அது. 1950இல் ஹெஞ்ச்சுக்கும், அவருடைய சக ஆய்வாளர் எட்வர்ட் கெண்டாலுக்கும், சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் இடையே இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலமே. ஆனால் அந்த இரண்டு ஆண்டுக்குள்ளேயே முகம் ஊதுவதையும், மனநிலை தடுமாறுவதையும், மருந்தை நிறுத்தினால் வலி திரும்புவதையும் மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள்.

1952இல் ஒரு மரணம் மருத்துவ ஆய்விதழில் பதிவாயிற்று. மாதக்கணக்கில் கார்ட்டிசோன் சாப்பிட்டு வந்த, நடுவயதைக்கூட எட்டாத ஒருவருக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் மருந்து நிறுத்தப்பட்டது. அறுவை முடிந்த சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரிந்து அவர் இறந்துபோனார். பிணக்கூறு ஆய்வில் அட்ரீனல் சுரப்பிகள் இரண்டும் சுருங்கிக் கிடந்தன. நம் உடல் நாள்தோறும் தானே சுரந்துகொள்ளும், கார்ட்டிசோன் வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு, ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குச் சமம். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். பிறகு காய்ச்சலோ விபத்தோ அறுவையோ வரும்போது உடலுக்குத் தேவைப்படும் கூடுதல் சுரப்பு வராது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது என்று இன்று நாங்கள் ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்வது இப்படிப்பட்ட மரணங்களிலிருந்து கற்ற பாடம்.

எழுபது ஆண்டுக்கு முன் கற்ற அந்தப் பாடம் நம் ஊர்த் தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மூட்டுவலிக்கு ஒரே நாளில் கேட்கும் என்று சொல்லிக் காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளில் பல நேரம் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கிறது. பெயரில்லாத பொடிகளிலும் லேகியங்களிலும் அதைக் கலந்து விற்பவர்கள் உண்டு. நாற்று நட்டு, கல் சுமந்து முழங்கால் தேய்ந்த அம்மா ஒருவருக்கு அந்தப் பொட்டலம் தரும் நிம்மதி உண்மையான நிம்மதி. வலி நிற்கிறது, பசி எடுக்கிறது, முகம் பூரிக்கிறது. "உடம்பு தேறிட்டு வர்றீங்க" என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அவர் எங்களிடம் வரும்போது சர்க்கரை ஏறியிருக்கும். கண்ணில் புரை விழுந்திருக்கும். தோல் காகிதம்போல் கிழியும். முதுகெலும்பு அமுங்கி உயரமே குறைந்திருக்கும். தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அது செத்துப்போயிருப்பதும் உண்டு. எலும்புத் தேய்மானம் ஸ்டீராய்டு தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடக்கிறது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "கொஞ்ச நாள்தானே" என்ற ஆறுதல் எலும்புக்குப் பொருந்தாது.

இந்த அம்மாவின் கதையில் எனக்கு மிகுந்த வேதனை தருவது, அவர் சாப்பிட்டது என்ன மருந்து என்பதே அவருக்குத் தெரியாது என்பதுதான். தெரிந்து எடுத்துக்கொள்ளும் ஆபத்து வேறு. சொல்லாமல் ஒருவர் உடலுக்குள் செலுத்தும் ஆபத்து வேறு. இரண்டாவதற்கு மருத்துவத்தில் இடமே இல்லை.

உறுப்பு மாற்றத்துக்கு வருகிறேன். 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசஃப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றத்துக்கு ஒடுக்கும் மருந்து எதுவும் தேவைப்படவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். உலகில் எல்லோருக்கும் இரட்டைச் சகோதரர் இல்லையே. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்சும் இரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கிய மருந்தின் வழிவந்த அசாதயோபிரின் 1960களில் மற்றவர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்தது. அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தது. நம் நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றம் நடந்தது. அந்தக் காலத்தில் இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் ஓராண்டு நிலைப்பது ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்ற நிலைதான் உலகெங்கும் இருந்தது.

அதை மாற்றியது நார்வேயின் ஹர்டாங்கர் பீடபூமியில் அள்ளிய மண்ணிலிருந்த ஒரு பூஞ்சை. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் அதிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின், எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையை மட்டும் குறிவைத்து அடக்கியது. 1978இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கான் அதை மனிதர்களுக்குக் கொடுத்தார். மாற்றிய உறுப்புகள் நிலைத்தன. உலகமே கொண்டாடியது. ஆனால் கானின் குழு 1979இல் தங்கள் முதல் 34 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். மருந்து சிறுநீரகத்தையே கெடுக்கிறது என்பதும், மூவருக்கு நிணநீர்ப் புற்று வந்தது என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. விலங்குகளில் தெரியாத நச்சு மனிதரில் தெரிந்தது. அவர்கள் அதை மறைக்கவில்லை, மருந்தையும் கைவிடவில்லை. அளவைக் குறைத்தார்கள், இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். 1983இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. ஓராண்டு நிலைக்கும் சிறுநீரகங்கள் பாதியிலிருந்து ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உயர்ந்தன. மருத்துவ அறம் என்பதற்கு ஓர் உதாரணம் கேட்டால் நான் அந்த 1979ஆம் ஆண்டு அறிக்கையைத்தான் காட்டுவேன்.

ஆனாலும் சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கும் மருந்தே சிறுநீரகத்தைத் தேய்க்கிறது என்ற முரண் தீரவில்லை. பின்னால் ஜப்பானின் ட்சுகுபா மண்ணிலிருந்து வந்த டேக்ரோலிமஸும் அதே வழியில் வேலை செய்கிறது, அதே வழியில் தேய்க்கிறது. இதன் முழு அளவு தெரிய 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் சிறுநீரகம் அல்லாத உறுப்புகளைப் பெற்ற 69,321 பேரின் கணக்கு வெளியானது. நடுத்தரக் கணக்கில் மூன்றாண்டு நீண்ட கண்காணிப்பில் அவர்களில் 16.5 சதவீதம் பேருக்கு நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு வந்திருந்தது. கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தாண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. கல்லீரல் நோயோடு வந்தவர், கல்லீரல் நன்றாக இருக்கும்போதே டயாலிசிஸ் இயந்திரத்துக்கு முன்னால் படுக்க வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து இன்னொரு ஆய்வு. 120 நோயாளிகளின் மாற்றுச் சிறுநீரகத்திலிருந்து ஆண்டாண்டாக எடுத்த 961 திசுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பத்தாம் ஆண்டில் மருந்தின் தேய்மானத் தழும்பு ஏறத்தாழ எல்லோரிடமும் இருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்த அளவு நன்றாக இருந்தவர்களிடமும் இருந்தது. இரத்தப் பரிசோதனைக்கு முன்னால் திசு பேசிவிடுகிறது.

இந்த ஆய்வு வந்தபின் இந்த வகை மருந்தையே விட்டுவிடலாம் என்று பலர் முயன்றார்கள். அப்போது கதை வேறு பக்கம் திரும்பியது. 2012இல் கனடாவின் எட்மன்டன் குழு, மாற்றுச் சிறுநீரகங்கள் பின்னாளில் எதனால் பழுதாகின்றன என்று திசுவை ஆராய்ந்தது. மருந்தின் நச்சு எதிர்பார்த்த அளவு பெரிய காரணமாக இல்லை. முதல் காரணம் உடல் எதிர்ப்புப் புரதங்களைச் சுரந்து உறுப்பை மெல்ல நிராகரிப்பது. அப்படி இழந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் என்று அவர்களின் மருத்துவர்களே குறித்து வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்றேனே, காரணம் இதுதான். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் வழி மிகக் குறுகியது, அது ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதே ஆளுக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

அந்தக் குறுகிய வழியில் நம்மவர்களைத் தள்ளிவிடும் சில காரியங்கள் மிகச் சாதாரணமானவை. டேக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதியால் சிதைக்கப்படுகின்றன. பம்பளிமாஸ் பழம் அந்த நொதியைக் கட்டிப்போடும், மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளூகொனசோலும், சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் அதையே செய்யும். இரண்டு நாள் சளிக்குப் பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர் கை நடுக்கத்தோடு, ஏறிய கிரியாட்டினினோடு வருவதற்கு இதுதான் காரணம். ஒரு நிறுவனத்தின் டேக்ரோலிமஸிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் டேக்ரோலிமஸுக்கு மாறினால்கூட இரத்த அளவை மறுபடி பார்க்க வேண்டும். கடைக்காரர் "இதுவும் அதேதான், விலை குறைவு" என்றால் பணத்தைப் பார்த்து மாறுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாறியதை மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அடுத்தது தொற்று. இதில் நம் நாட்டின் நிலை தனி. வயது வந்த இந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பாற்றல் நன்றாக இருக்கும்வரை அது எழுவதில்லை. வேலூரில் 1986 முதல் 1999 வரை சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்குப் பின்னாளில் காசநோய் வந்தது. மேற்கத்திய மருத்துவமனைகளில் பார்க்கவே முடியாத அளவு இது. அவர்கள் எழுதும் பாடநூலை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சிகிச்சையிலும் சிக்கல் உண்டு. காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசின், நான் சொன்ன அதே நொதியைத் தூண்டிவிட்டு, ஒடுக்கும் மருந்தின் அளவைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும். காசநோயைக் குணமாக்கப் போய்ச் சிறுநீரகத்தை இழக்கும் நிலை வரும். மருந்தை மூன்று நான்கு மடங்கு கூட்ட வேண்டும், இல்லையென்றால் ரிஃபாம்பிசினுக்கு மாற்று தேட வேண்டும். சைக்ளோஸ்போரின் மிக விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில், அதன் சிதைவைக் குறைக்கும் கீட்டோகொனசோலையோ டில்டியாசெம்மையோ வேண்டுமென்றே சேர்த்துக் கொடுத்து, குறைந்த அளவிலேயே வேலையை முடித்த இந்திய மருத்துவர்களும் இருந்தார்கள். நாட்டின் வறுமையிலிருந்து பிறந்த அறிவு அது. மதிக்கத்தக்க அறிவு.

காசநோயின் கதை, உயிரியல் மருந்துகள் எனப்படும் ஊசி மருந்துகளோடு இன்னும் கூர்மையாயிற்று. முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் 1990களின் இறுதியில் இன்ஃப்ளிக்சிமாப் வந்தது. காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் கட்டும் சுவர் நிற்பதற்கு எந்தப் புரதம் தேவையோ, அந்தப் புரதத்தைத்தான் இந்த மருந்து முடக்குகிறது. 2001இல், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வந்து சேர்ந்த 70 காசநோய் அறிக்கைகளைத் தொகுத்து ஓர் ஆய்வு வெளியானது. பெரும்பாலோருக்கு நோய் மருந்து தொடங்கிய சில மாதங்களுக்குள் வந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே, பலருக்கு உடல் முழுதும் பரவிய நிலையில். அனுமதிக்கான சோதனைகளில் இது பெரிதாகத் தெரியவில்லை. சந்தைக்கு வந்தபின், ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனியாக ஒரு படிவம் நிரப்பி அனுப்பியதால் தெரிந்தது. இன்று இந்த வகை மருந்து தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்த் தொற்றுக்கான பரிசோதனையும் கட்டாயம். எழுபது படிவங்கள் உலகின் வழக்கத்தையே மாற்றின. மாணவர்களே, நம் நாட்டிலும் மருந்தின் பக்கவிளைவுகளை அறிவிக்கப் படிவம் இருக்கிறது. அதை நிரப்பப் பத்து நிமிடம் போதும்.

நிகழ்காலத்திலிருந்து ஒன்று. டோஃபாசிடினிப் என்ற மாத்திரை முடக்குவாதத்துக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசி வேண்டாம், மாத்திரையாகவே சாப்பிடலாம் என்பதால் பெரும் வரவேற்பு. அனுமதியோடு ஒரு நிபந்தனையும் இருந்தது, நெடுங்காலப் பாதுகாப்புச் சோதனை நடத்த வேண்டும் என்று. 50 வயதைக் கடந்த, இதய நோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ள 4,362 பேரில் அது நடந்தது. 2022 ஜனவரியில் முடிவு அச்சாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.4 சதவீதம், ஒப்பீட்டுக்குக் கொடுத்த பழைய ஊசி மருந்தில் 2.5 சதவீதம். புற்றுநோய் 4.2 சதவீதம், மற்றதில் 2.9 சதவீதம். அனுமதி கிடைத்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கழித்துத் தெரிந்த உண்மை இது. அக்கி வருவதும் இந்த மாத்திரையில் அதிகம். நம் ஊரில் பல நிறுவனங்கள் இதை மலிவாக விற்கின்றன. முடி உதிர்வுக்கும் தோலில் வரும் வெண்புள்ளிக்கும்கூட எழுதப்படுகிறது. உயிரை அச்சுறுத்தும் நோய்க்கு ஏற்கக்கூடிய ஆபத்தை, உயிரை அச்சுறுத்தாத நோய்க்கு ஏற்கலாமா என்பதை ஒவ்வொரு நோயாளியோடும் உட்கார்ந்து பேச வேண்டும். பேசாமல் சீட்டு எழுதுவது தவறு என்பது என் தீர்மானமான கருத்து.

புற்றுநோயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அமெரிக்காவின் டென்வரில் இஸ்ரேல் பென் என்ற அறுவை மருத்துவர் 1960களின் இறுதியில், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு வரும் புற்றுகளை ஒரு பதிவேட்டில் குறிக்கத் தொடங்கினார். வாழ்நாள் முழுதும் குறித்துக்கொண்டே இருந்தார். அந்த வழியில் பின்னாளில் பெரிய கணக்குகள் வந்தன. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 1,75,732 உறுப்பு மாற்றங்களைப் புற்றுநோய்ப் பதிவேடுகளோடு பொருத்திப் பார்த்தது. மற்ற மக்களைவிட மொத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்கு. நிணநீர்ப் புற்று ஏழு மடங்குக்கு மேல். பெரும்பாலும் வைரஸோடு தொடர்புடைய புற்றுகளே அதிகம் கூடியிருந்தன. வைரஸை அடக்கி வைத்திருக்கும் காவல் தளரும்போது இது நேர்கிறது. வெள்ளையரிடம் தோல் புற்று மிகப் பெரிய சிக்கல். நம் தோலின் நிறமி நமக்குப் பெரிய அளவில் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் மார்பகம், கருப்பைவாய், வாய்க்குள் வரும் புண் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு அதிகம். புகையிலை மெல்லும் பழக்கத்தோடு இந்த மருந்தைச் சாப்பிடுவது ஆபத்தின் மேல் ஆபத்து.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கபோசி சார்கோமா என்ற புற்று சிறுநீரகம் மாற்றிக்கொண்ட சிலருக்கு வந்தபோது, இத்தாலிய மருத்துவர்கள் சைக்ளோஸ்போரினை நிறுத்திவிட்டுச் சிரோலிமஸ் கொடுத்தார்கள். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த மருந்து அது. 15 பேருக்கும் தோல் புண்கள் மறைந்தன, மாற்றுச் சிறுநீரகமும் நிலைத்தது. 2005இல் அது வெளியானது. எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தாது. ஆனாலும் ஒரு மருந்து உண்டாக்கிய தீமையை இன்னொரு மருந்துக்கு மாறுவதால் திருத்த முடியும் என்பது நிரூபணமாயிற்று.

இனி நான் சொல்லப்போவது மருந்தியல் நூல்களில் இல்லாதது. லூபஸ் பெரும்பாலும் இளம்பெண்களைத் தாக்கும் நோய். பெண்ணுக்குத் திருமணப் பேச்சு தொடங்கியதும் வீட்டில் மாத்திரை டப்பா மறைக்கப்படுகிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது. திருமணத்துக்குப் பின் அந்தப் பெண் ஒளிந்து ஒளிந்து சாப்பிடுகிறாள், அல்லது நிறுத்திவிடுகிறாள். நிறுத்தினால் நோய் சிறுநீரகத்தில் சீறுகிறது. நிறுத்தாமல் கருவுற்றால் வேறு ஆபத்து. மைக்கோஃபீனோலேட் என்ற ஒடுக்கும் மருந்தைச் சாப்பிட்டபடி கருத்தரித்தால் ஏறத்தாழ பாதிக் கருக்கள் சிதைகின்றன, உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் காதும் உதடும் உட்பட உறுப்புக் குறைபாடு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2015இல் எச்சரித்தது. மெத்தோட்ரெக்சேட்டும் கருவுக்கு நஞ்சு. ஆனால் அசாதயோபிரினும் டேக்ரோலிமஸும் குறைந்த அளவு பிரட்னிசலோனும் கருக்காலத்தில் கொடுக்கக் கூடியவை. கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே மைக்கோஃபீனோலேட்டை மாற்றிவிட்டால், நோய் அடங்கியிருக்கும் காலத்தைப் பார்த்துக் கருவுற்றால், நல்ல குழந்தைகள் பிறக்கின்றன. எத்தனையோ தாய்மார்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இதற்கு வேண்டியது ஒன்றே, அந்தப் பெண் வெளிப்படையாகப் பேச முடிய வேண்டும். பெற்றோர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், மறைக்காதீர்கள். மறைப்பதால் திருமணம் நிலைப்பதில்லை. மகளின் சிறுநீரகம்தான் போகிறது.

மெத்தோட்ரெக்சேட் என்றதும் இன்னொன்று. முடக்குவாதத்துக்கு அது வாரம் ஒரு முறை சாப்பிடும் மருந்து. சீட்டை எழுதிய கை அவசரப்பட்டதாலோ, படித்தவர் மற்ற மாத்திரைகளைப் போல நினைத்ததாலோ, நாள்தோறும் சாப்பிட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் வற்றி, உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு, நம் நாட்டிலும் உண்டு. சீட்டில் "வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று தமிழில் கிழமையோடு எழுதினால் இந்த மரணம் நடக்காது. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, பேனா போதும்.

அளவைக் குறைத்தாலும் பலன் குறையாது என்று நிரூபித்த ஆய்வுகள் அண்மைக் காலத்தில் வந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. சைக்ளோஃபாஸ்ஃபமைடு லூபஸ் சிறுநீரக நோயில் உயிர் காத்த மருந்து. ஆனால் பழைய முறையில் மொத்த அளவு ஏறஏறக் கருமுட்டைகள் அழிந்தன, சிறுநீர்ப்பையில் இரத்தம் கசிந்தது, ஆண்டுகள் கழித்து அங்கே புற்றும் வந்தது. 2002இல் ஐரோப்பிய மருத்துவர்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 மில்லிகிராம் வீதம் ஆறே ஊசி கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கிறது என்று காட்டினார்கள். மொத்தம் 3 கிராம்தான். பத்தாண்டுக் கண்காணிப்பிலும் அந்தப் பலன் நீடித்தது. 2020இல் இரத்தக்குழாய் அழற்சியில் நடந்த பெரிய சோதனை, ஸ்டீராய்டைப் பழைய வழக்கத்தைவிட வேகமாகக் குறைத்தால் சிகிச்சையின் பலனில் குறை இல்லை, கடுமையான தொற்றுகள் குறைகின்றன என்று சொன்னது. அத்தனை காலமாக நாம் கொடுத்து வந்த கூடுதல் அளவு யாருக்கும் உதவவில்லை என்றுதானே இதற்குப் பொருள்? கொரோனா காலத்தில் இந்தப் பாடத்தை நாடே கண்ணீரோடு கற்றது. ஆக்சிஜன் தேவைப்படுபவர்களுக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாள் என்பதுதான் நிரூபணமான அளவு. தேவைப்படாதவர்களுக்கும், அதிக அளவிலும், அதிக நாளும் கொடுக்கப்பட்ட இடங்களில், சர்க்கரை கட்டுமீறி, 2021இல் கருப்புப் பூஞ்சை கண்களைப் பறித்தது.

அரசிடம் ஒரு கோரிக்கை. உறுப்பு தானத்தில் தமிழ்நாடு 2008 முதல் நாட்டுக்கு வழிகாட்டியிருக்கிறது. உறுப்பைப் பொருத்தும் நாள்வரை நம் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. பொருத்தியபின் ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் அவர்களுக்கு என்ன தொற்று வந்தது, என்ன புற்று வந்தது, யார் மருந்தை எதனால் நிறுத்தினார்கள் என்பதையும் அதே ஒழுங்கோடு பதிய வேண்டும். முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். வெள்ளையரின் தோல் புற்றுக் கணக்கு நமக்கு உதவாது. நம் காசநோயையும் சர்க்கரையையும் நாம்தான் எண்ண வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஸ்டீராய்டுச் சீட்டிலும் முடிக்கும் தேதியையோ, மறுபரிசீலனைத் தேதியையோ எழுதுங்கள். மருந்து தொடங்கும் முன் தடுப்பூசிகளைப் போட்டு முடியுங்கள், தொடங்கியபின் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைப் போட முடியாது. அசாதயோபிரின் தொடங்கினால் முதல் வாரங்களில் அடிக்கடி இரத்த அணுக்களை எண்ணுங்கள். நம்மவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாறுபாடு இருந்து, சிறிய அளவிலேயே வெள்ளணுக்கள் சரிந்துவிடுகின்றன.

நோயாளிகளே, உங்கள் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும், வெளியூர் மருத்துவமனைக்குப் போனாலும் அதை முதலில் காட்டுங்கள். இரண்டு நாள் காய்ச்சல் நீடித்தால் காத்திருக்காதீர்கள். அடுத்த முறை சீட்டைப் புதுப்பிக்கப் போகும்போது, இந்த மருந்து எனக்கு இன்னும் எவ்வளவு காலம் வேண்டும், அளவைக் குறைக்க முடியுமா, கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தோம் என்று மருத்துவரைக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது எங்கள் கடமை.